முதலில் வெளுத்தது, பிறகு நீண்டது

பார்வையற்றவர் கையில் இருக்கும் வெண்கோலுக்கு இரண்டு குணங்கள் உண்டு: நிறம், நீளம். நிறம் எதிரே வருபவருக்காக. வண்டி ஓட்டுபவர் தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைக்க வேண்டும். கோலைப் பிடித்திருப்பவருக்கு அந்த வெள்ளையால் எதுவும் தெரியப்போவதில்லை. நீளம் அவருக்காக. கால் போய்ச் சேரும் முன்பே அங்கே இருப்பது சமதரையா, படியா, பள்ளமா என்று அது கைக்குச் சொல்லிவிடும். இரண்டு குணங்களும் இன்று ஒரே கோலில் இருப்பதால் இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை என்று நினைத்துக்கொள்கிறோம். கோல் வெளுத்தது 1921இல். அடுத்த பத்தாண்டுகளுக்குள் அதற்கு நகரச் சட்டமே வந்துவிட்டது. அது நீண்டதோ 1944இல். இடையில் 23 ஆண்டுகள். மோட்டார் கார் கண்ணுக்குத் தெரியும் கோலைக் கேட்டவுடன் உலகம் கொடுத்தது. கோல் பிடிப்பவருக்குத் தரையைச் சொல்லும் கோல் வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. பார்வை இழந்தோரின் மறுவாழ்வு வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த முன்பின் வரிசை ஒன்றே போதும் என்பது என் எண்ணம். அவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறை எப்போதும் முந்திக்கொண்டது. அவர்களை நடக்க விட வேண்டும் என்ற அறிவு பின்னால் வந்தது.

அந்த அறிவு அதுவரை உலகில் இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தது. ஜேம்ஸ் ஹோல்மன் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி 25 வயதில் பார்வையை இழந்தவர். இரும்புப் பூண் போட்ட கைத்தடியைத் தரையில் தட்டி, எழும் ஓசையைக் கேட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகைச் சுற்றிவந்தார். இலங்கையில் யானை வேட்டைக்கும் போனார். தன் பயணங்களைத் தடித்தடி நூல்களாக எழுதி வெளியிட்டார். அவரை அபூர்வப் பிறவி என்று ஒதுக்கிவிடலாம். ஹாங்க்ஸ் லெவியை அப்படி ஒதுக்க முடியாது. லண்டனில் பார்வையற்றோருக்கான தொழிற்கூடத்தை நடத்திய லெவி, தானும் பார்வையற்றவர். 1872இல் அவர் வெளியிட்ட நூலில் தனியாக நடப்பது எப்படி என்பதற்கென்றே பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். கோல் கனமில்லாமல் இருக்க வேண்டும், வளையக்கூடாது, அப்போதுதான் அது தொட்டதைக் கை சரியாக உணரும் என்று அவர் காரணத்தோடு விளக்கினார். பின்னாளில் நிபுணர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லப்பட்டதன் பாதி, அதற்கு 72 ஆண்டுகள் முன்பே நடந்து பழகிய ஒருவரின் கையால் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் நிறுவனங்களின் பாடத்திட்டத்துக்குள் அது ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்பதற்கான பதில் அந்த நிறுவனங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. வாலன்டைன் அவுய் 1785இல் பாரிசில் தொடங்கிய பள்ளியிலிருந்து, நம் நாட்டில் 1887இல் அமிர்தசரஸிலும் 1890இல் பாளையங்கோட்டையிலும் பாதிரிமார் சபைப் பெண்கள் தொடங்கிய பள்ளிகள் வரை, எல்லாமே கல்வியையும் கைத்தொழிலையும் தந்தன. அது சிறிய கொடையல்ல. பிச்சையைத் தவிர வேறு கதியில்லை என்றிருந்த காலத்தில் எழுத்தும் தறியும் கிடைத்தன. ஆனாலும் அவை சுற்றுச்சுவருக்குள் வாழ்வதற்கான பயிற்சிகள். வளாகத்தின் தூணும் திண்ணையும் மனப்பாடமாகிவிட்டால் அங்கே கோல் தேவைப்படாது. வாசலுக்கு வெளியே போக வேண்டுமென்றால் கைப்பிடித்து அழைத்துப்போக ஆள் வருவார். அந்தக் கைத்தொழில்களில் ஐரோப்பா, அமெரிக்கா, இந்தியா என்று எல்லா இடத்திலும் பொதுவாக இருந்த ஒன்று நாற்காலி பின்னுவது. எண்கோணக் கண்களாகப் பிரம்பை இழுத்து முடிந்து இருக்கை போடும் வேலை அது. மற்றவர்கள் உட்காருவதற்குப் பின்னச் சொல்லி அவர்கள் கையில் பிரம்பைக் கொடுத்த உலகத்துக்கு, அவர்கள் எழுந்து நடக்க ஒரு பிரம்பை அளவெடுத்துக் கொடுக்க நெடுங்காலம் தோன்றவில்லை.

முதல் உலகப் போர் இதைப் பாதி மாற்றியது. விஷவாயுவாலும் எறிகுண்டாலும் கண்ணை இழந்து திரும்பிய இளைஞர்கள் ஏழைகள் விடுதிக்குப் போகத் தயாராக இல்லை. லண்டனில் பத்திரிகை முதலாளியாக இருந்து பார்வையை இழந்த ஆர்தர் பியர்சன் 1915இல் அவர்களுக்காகத் தொடங்கியதுதான் செயின்ட் டன்ஸ்டன்ஸ். மருத்துவமனைப் படுக்கையிலேயே வீரர்களைப் பார்த்து, முள்ளைத் தொட்டு நேரம் அறியும் கைக்கடிகாரம் ஒன்றைக் கொடுப்பது அவர் வழக்கம். இனி மணி என்ன என்று யாரையும் கேட்க வேண்டாம் என்பதே அந்தப் பரிசின் பொருள். பிரெய்ல், தட்டச்சு, உடற்பிடிப்பு, செருப்புத் தைப்பு, கோழி வளர்ப்பு என்று அங்கே கற்றுத் தரப்பட்டவை பலரைச் சொந்தக் காலில் நிற்க வைத்தன. நேரத்தைத் தொட்டு அறியலாம் என்று புரிந்துகொண்ட இடத்தில், தெருவையும் தொட்டு அறியலாம் என்பது ஒரு பாடமாக வளரவில்லை. அதே போரில் ஜெர்மனி வேறு வழியில் போனது. ஓல்டன்பர்க் நகரில் 1916இல் வழிகாட்டி நாய்களுக்கான பள்ளி திறக்கப்பட்டது. 1929இல் அந்த வழக்கம் அமெரிக்காவுக்குப் போனது. நாய் நல்ல துணைதான். ஆனால் எல்லோருக்கும் எட்டும் துணையல்ல. அதை வளர்க்க வீடும் வருமானமும் வேண்டும். கோல் அப்படியே கிடந்தது: கறுப்பாக, கட்டையாக, கனமாக.

முதலில் போனது கறுப்பு. பிரிஸ்டல் நகரத்துப் புகைப்படக்காரர் ஜேம்ஸ் பிக்ஸ் ஒரு விபத்தில் பார்வையை இழந்தவர். வீட்டைச் சுற்றி மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டதைக் கண்டு அஞ்சி 1921இல் தன் கைத்தடிக்கு வெள்ளை அடித்துக்கொண்டார். அமெரிக்காவின் பியோரியா நகரத்து லயன்ஸ் சங்கத்தைச் சேர்ந்த ஜார்ஜ் போனம், கறுப்புத் தடியோடு சாலையைக் கடக்க முயன்ற ஒருவரை ஓட்டுநர்கள் கவனிக்காததைப் பார்த்தார். 1930 டிசம்பரில் அந்த நகரம், வெண்கோல் பிடித்தவருக்கு வழிவிட வேண்டும் என்று விதி செய்தது. பாரிசில் கில்லி தெர்ப்மோன் என்ற பெருங்குடிப் பெண் 1931 பிப்ரவரி 7 அன்று அமைச்சர்கள் முன்னிலையில் பார்வையற்ற இருவருக்கு முதல் வெண்கோல்களை வழங்கினார். தொடர்ந்து சுமார் 5,000 கோல்கள் வழங்கப்பட்டன. மூன்று ஊர்களுக்கும் காரணம் ஒன்றே: மோட்டார் கார். குதிரை வண்டிக் காலத்தில் குளம்போசை எச்சரித்தது. குதிரையும் மனிதனைக் கண்டால் ஒதுங்கும். கார் இரண்டையும் செய்யாது. ஆகவே ஓட்டுபவர் கண்ணில் படும்படி ஓர் அடையாளம் தேவைப்பட்டது. அந்த அடையாளம் உயிர்களைக் காத்தது, இன்றும் காக்கிறது. இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது சொன்ன செய்தியையும் கவனிக்க வேண்டும்: ‘இவருக்குத் தெரியாது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.’ பொறுப்பு முழுவதும் பார்ப்பவரிடம் போய்ச் சேர்ந்தது. பிடித்திருப்பவர் கையில் இருந்தது ஒரு கொடி. யாரும் பார்க்காத இடத்தில் கொடியால் பயனில்லை. திறந்து கிடக்கும் குழிக்கு முன்னால் வெள்ளையும் கறுப்பும் ஒன்றுதான்.

பென்சில்வேனியா மாநிலத்து வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனைக்கு இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த அமெரிக்க வீரர்கள் வரத் தொடங்கியபோது அங்கே ரிச்சர்ட் ஹூவர் என்ற சார்ஜன்ட் பணியில் இருந்தார். போருக்கு முன் மேரிலாந்தில் பார்வையற்றோர் பள்ளி ஆசிரியராகவும் விளையாட்டுப் பயிற்சியாளராகவும் இருந்தவர் அவர். பின்னாளில் கண் மருத்துவரானார். கையிலிருந்த கோல்களை அவர் ஆராய்ந்தபோது ஓர் எளிய உண்மை புலப்பட்டது. அவை நடக்க முடியாதவர் ஊன்றிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டவை. கால் ஊனமுற்றவரின் தடியைக் கண் தெரியாதவர் கையில் கொடுத்திருந்தார்கள். பார்வை இழந்த இளைஞனுக்குக் கால்கள் நன்றாகத்தான் இருந்தன. அவனுக்கு ஊன்ற எதுவும் தேவையில்லை, துழாவத்தான் ஒன்று தேவை. ஹூவர் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து நடந்து பார்த்தார். தரையிலிருந்து நெஞ்செலும்பின் அடி வரை நீளும், கனமில்லாத ஒரு கோலும், அதைக் கையாளும் முறையும் அந்தச் சோதனையில் உருவாயின. நம் மொழியில் ‘ஊன்றுகோல்’ என்ற சொல் துணைக்கே உவமையாகிவிட்டது. பார்வையற்றவரின் கோலை அந்தச் சொல்லால் குறிக்கும்போது, ஹூவர் கண்ட அதே குழப்பத்தை நாமும் தொடர்கிறோம்.

அந்த முறை கேட்பதற்கு எளிது, பழகுவதற்குக் கடினம். கோலின் பிடி உடலின் நடுவே, தொப்புளுக்கு நேராக இருக்க வேண்டும். தோள் அசையக்கூடாது, மணிக்கட்டு மட்டும் அசைய வேண்டும். நுனி இடமும் வலமுமாக, தோளகலத்தைவிடச் சற்றே கூடுதலான வில்வளைவில் தரையை ஒட்டிப் போய்த் தொட வேண்டும். வலது கால் முன்னே போகும்போது நுனி இடப்பக்கம் தொடும். இடது கால் போகும்போது வலப்பக்கம். இதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. அடுத்த எட்டில் கால் வைக்கப்போகும் இடத்தை நுனி ஓர் எட்டு முன்னாலேயே தொட்டு, ‘இங்கே தரை உண்டு’ என்று சொல்லிவிடுகிறது. நுனிக்குத் தரை தட்டுப்படவில்லை என்றால் அங்கே படியோ பள்ளமோ இருக்கிறது. நிற்பதற்கு ஓர் எட்டு அவகாசமும் இருக்கிறது. குட்டைத் தடி இதே செய்தியைக் கால் போய் விழுந்த பிறகுதான் சொல்லும். எனவே இங்கே நீளம் என்பதற்கு நேரம் என்றே பொருள். அதோடு சிமென்ட், தார், மண், ஓடு என்று தரை மாறும்போது ஓசையும் அதிர்வும் மாறுகின்றன. பழகிய கை அதையே வழிக்குறிப்பாக வைத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கோலுக்கு வெள்ளை அடித்த பிக்ஸ் பார்வையற்றவர். கோலை நீட்டிய ஹூவர் பார்வையுள்ளவர். அப்படியிருக்க, நிறம் பார்ப்பவர் பக்கத்தது, நீளம் பாராதவர் பக்கத்தது என்று சொல்வது கதையைத் தலைகீழாக்குவது ஆகாதா? ஆகாது. யார் செய்தார் என்பதைவிட எந்தப் பக்கத்திலிருந்து பார்த்துச் செய்தார் என்பதே இங்கே முக்கியம். கார்களுக்கு அஞ்சிய பிக்ஸ் தன்னை ஓட்டுநரின் கண் வழியாகப் பார்த்தார். அந்தச் சூழ்நிலையில் அது புத்திசாலித்தனம். ஹூவர் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு கையின் பக்கத்துக்குப் போனார். இன்னொரு மறுப்பு பணத்தைப் பற்றியது: போர்வீரன் என்ற மரியாதையும் ராணுவத்தின் பணமும் இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா? வேகமாக நடந்திருக்காது என்பது உண்மை. ஆனால் முதல் போரிலும் மரியாதை இருந்தது, நன்கொடை இருந்தது, கண்ணிழந்த வீரர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நீண்ட கோல் மட்டும் வரவில்லை. நடை என்பது கற்றுத்தரக்கூடிய ஒரு பாடம் என்று யாராவது முதலில் நம்ப வேண்டியிருந்தது.

அந்த நம்பிக்கைக்குத் தடையாக இருந்தது ஒரு புகழ்மொழி: பார்வையற்றோருக்கு ஆறாம் அறிவு உண்டு, எதிரே சுவர் இருந்தால் முகத்திலேயே உணர்ந்துவிடுவார்கள் என்பது. கேட்க இனிமையான இந்தப் பேச்சின் விளைவு கெடுதலானது. வரம் பெற்றவருக்குப் பயிற்சி வேண்டாம், பெறாதவருக்குப் பயிற்சியால் பயனில்லை என்று அது முடியும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சூப்பா, மில்டன் காட்சின், கார்ல் டாலன்பாக் மூவரும் 1944இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. அவர்களில் சூப்பா பார்வையற்றவர். பார்வையற்ற இருவரையும் கண் கட்டிய இருவரையும் தடையை நோக்கி நடக்க விட்டார்கள். முகத்தை மூடிய பிறகும் அவர்களால் தடையை உணர முடிந்தது. காதை அடைத்தபோது முடியவில்லை. முகத்தில் தோன்றுவதாக நம்பப்பட்ட உணர்வு, காலடி ஓசை எதிரொலித்து வருவதைக் காது கேட்பதுதான். பார்வையுள்ள இருவரும் பழகப் பழக அதைக் கற்றுக்கொண்டார்கள் என்பது அதைவிட முக்கியம். வரம் திறமையாக மாறியது. அந்த ஆய்வும் நீண்ட கோலும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டும் சொன்னது ஒன்றே.

கோல் நீண்டதோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. சிகாகோவுக்கு அருகில் முன்னாள் படைவீரர்களுக்கான ஹைன்ஸ் மருத்துவமனையில் 1948இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையத்தைப் போரில் கண்ணிழந்த ரஸ்ஸல் வில்லியம்ஸ் நடத்தினார். அங்கே நடமாட்டப் பயிற்சி ஒரு முறையான துறையாக வளர்ந்தது. 1960இல் பாஸ்டன் கல்லூரியில் அது பல்கலைக்கழகப் படிப்பானது. ஆனால் பயிற்றுநர் பார்வையுள்ளவராகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாணவருக்கு ஆபத்து என்ற எண்ணமும் நெடுங்காலம் நீடித்தது. அதை நடைமுறையில் மறுத்தவர் கென்னத் ஜெர்னிகன். பிறவியிலேயே பார்வையற்றவரான அவர் 1958இல் ஐயோவா மாநிலப் பார்வையற்றோர் ஆணையத்தின் பொறுப்பை ஏற்றார். டெமாய்ன் நகரில் அவர் நடத்திய மையத்தில் ஓரளவு பார்வை மிஞ்சியிருந்தவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டே சமைத்தார்கள், மின்ரம்பத்தில் மரம் அறுத்தார்கள், நகரத் தெருக்களில் நடந்தார்கள். பார்வையற்றவர்களும் பயிற்றுநர்கள் ஆனார்கள். இன்னொரு கரையில் தாமஸ் கேரல் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் இருந்தார். 1961இல் வெளியான அவருடைய நூல், பார்வையோடு போய்விடும் 20 இழப்புகளைப் பட்டியலிட்டது. கண் போனவர் முதலில் துக்கம் காக்க வேண்டும், பிறகுதான் எழ முடியும் என்பது அவர் வாதம். ஜெர்னிகனோ பார்வையின்மை மனிதரின் பல குணங்களில் ஒன்று மட்டுமே என்றார். நடுவயதில் பார்வையை இழந்த ஒருவரின் துயரத்தைக் கேரல் மெய்யாகவே அறிந்திருந்தார்; அதைப் பொருட்படுத்தாத தத்துவம் கொடியது. ஆனாலும் துயரத்துக்கு மருந்து எது என்ற கேள்வியில் நான் ஜெர்னிகன் பக்கம் நிற்கிறேன். தெருவைத் தனியாகக் கடந்து மறுபக்கம் போய் நின்றவருக்குக் கிடைக்கும் தெம்பு எந்த ஆறுதல் மொழியிலும் கிடைக்காது.

அப்படித் தெருவைக் கடப்பவர் விழுந்துவிட்டால் பொறுப்பு யாருடையது? கண் தெரியாதவர் தனியாக வெளியே வந்ததே அவருடைய அஜாக்கிரதைதான் என்று கருதும் போக்கு அமெரிக்க நீதிமன்றங்களில் நெடுங்காலம் இருந்தது. 1940இல் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பை நிறுவியவர்களில் முதன்மையானவரும், தானே பார்வையற்ற சட்ட அறிஞருமான ஜேகோபஸ் டென்ப்ரோக், 1966இல் கலிஃபோர்னியா சட்ட இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில் இதைப் பிரித்து மேய்ந்தார். உலகில் வாழ்வது உரிமை என்றால் தெருவில் நடப்பதும் உரிமை. தெருவைத் தோண்டுபவர் பார்வையற்றவரும் அந்த வழியே வருவார் என்று எதிர்பார்க்கக் கடமைப்பட்டவர் என்பது அதன் சாரம். இதற்கு இரண்டாண்டு முன், 1964இல், அக்டோபர் 15 வெண்கோல் நாளாக அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டிருந்தது. பியோரியா விதியில் ஓட்டுநர் காட்ட வேண்டிய இரக்கமாக இருந்த வெள்ளை, டென்ப்ரோக்கின் வாதத்தில் நடப்பவரின் உரிமைச் சின்னமாக மாறியது. நிறத்துக்கும் பெருமை வந்தது, ஆனால் நீளம் வந்த பிறகு. தானே நடக்கத் தெரிந்தவர் தெருவுக்கு வந்து நின்ற பிறகுதான் தெருவில் அவருக்குள்ள உரிமை பேசுபொருளானது.

இந்தியாவுக்கு இந்த வரலாறு போரின் வழியாகவே வந்தது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் கண்ணிழந்தவர்களுக்காக 1943இல் டேராடூனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி திறக்கப்பட்டது. கலிப்போலிப் போர்க்களத்தில் பார்வையை இழந்த நியூசிலாந்துக்காரர் கிளுத்தா மெக்கன்சி அதற்குத் தலைமை தாங்கினார். பார்வையற்றோருக்காக அங்கே இன்று இயங்கும் தேசிய நிறுவனம் அந்த விதையிலிருந்து வளர்ந்தது. ஆனால் நம் ஊரில் வெண்கோல் என்றதும் எழும் மறுப்புகள் வேறு. இங்கே நடைபாதை எங்கே இருக்கிறது, மூடியில்லாத சாக்கடைக்கும் நடுவில் நிறுத்திய இருசக்கர வண்டிக்கும் கோல் என்ன செய்யும் என்பார்கள். உண்மையில் பள்ளத்தை முன்கூட்டிச் சொல்வதற்கென்றே பிறந்தது நீண்ட கோல்; மோசமான தெருவில்தான் அதன் தேவை அதிகம். கோலைக் காட்டித் தெருவைச் செப்பனிடாமல் விடுவது வேறு வகைக் குற்றம். வீட்டில் ஆள் இருக்க, தனியே போவானேன் என்பது இன்னொரு மறுப்பு. தோளில் கைவைத்து நடப்பதில் இழிவில்லை. தனியாகவும் போகத் தெரிந்தவருக்கு அது தோழமை. வேறு வழியில்லாதவருக்கு அது காத்திருப்பு, துணைக்கு வருபவரின் ஓய்வு நேரத்துக்கு ஏற்ப வாழ்வது. கைபேசி வந்த பிறகு கோல் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கைபேசி தெருவின் பெயரைச் சொல்லும், திரும்ப வேண்டிய மூலையைச் சொல்லும். அடுத்த எட்டில் கல் பெயர்ந்திருப்பதைச் சொல்லாது.

வெள்ளை எல்லாருக்கும் ஒரே வெள்ளைதான். ஒரே டப்பாவில் ஆயிரம் கோலுக்கு அடிக்கலாம், மேடையில் வரிசையாக நிறுத்தி வழங்கலாம். நீளம் அப்படியல்ல. அது ஆளின் உயரத்தைப் பொறுத்தது, எட்டின் அகலத்தையும் நடையின் வேகத்தையும் பொறுத்தது. ஹூவர் நெஞ்செலும்பு வரை போதும் என்றார், ஜெர்னிகன் வழியில் வந்தவர்கள் மோவாய்க்கட்டை வரை வேண்டும் என்கிறார்கள். சரியான கோலைக் கொடுக்க வேண்டுமானால் வாங்குபவரை நிறுத்தி அளவெடுக்க வேண்டும், நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், எங்கே போக விரும்புகிறார் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் 23 ஆண்டுகள் பிடித்தன.